கைப்பிடி இறங்காத வார் ஈகிள்: வாங்கலாமா, நாமே சீரமைக்கலாமா?

சான் ஹோசேயில் வசிக்கும் வாசகர் ஒருவரின் கேள்வி இது. அவருடைய வீட்டுக்கு அருகில், மறைந்த முதியவர் ஒருவரின் உடைமைகளை விற்கிறார்கள். அவற்றுள் மில்ஸ் நிறுவனம் செய்த ‘வார் ஈகிள்’ என்னும் ஐந்து சென்ட் ஸ்லாட் இயந்திரம், அதாவது காசு போட்டுக் கைப்பிடியை இழுத்து ஆடும் பழைய சூதாட்ட இயந்திரம் ஒன்றும் இருக்கிறது. கைப்பிடி சிறிதளவே இறங்கி நின்றுவிடுவதால் பழுது என்று சொல்லி 900 டாலர் கேட்கிறார்கள். வாங்கலாமா, இயந்திர வேலையில் ஓரளவு கைப்பழக்கம் உள்ளவர் தாமே சீரமைக்க முடியுமா, பெயின்ட் உதிர்ந்த முகப்பைப் புதிதாக்கலாமா என்று கேட்டிருக்கிறார். அமெரிக்காவுக்கு வந்த நாளிலிருந்து இத்தகைய இயந்திரங்களை ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பிரித்துப் பூட்டி வருபவன் என்ற முறையில் சற்று விரிவாகவே பதில் எழுதுகிறேன்.

கைப்பிடியிலிருந்து தொடங்குகிறேன். நாணயம் போடாமல் இழுத்தால் இந்த இயந்திரத்தின் கைப்பிடி இறங்கக் கூடாது. அதைச் செய்தவர்கள் அப்படித்தான் செய்தார்கள். நாணயம் உரிய இடத்தில் வந்து அமர்ந்திருக்கிறதா என்று உள்ளே ஒரு சிறு உலோக விரல் தடவிப் பார்க்கிறது. அங்கே நாணயம் இல்லையென்றால் கைப்பிடி ஓர் அங்குல அளவு அசைந்து, உறுதியாக முட்டி நின்றுவிடும். இந்தச் செய்தி தெரியாமல் “பூட்டிக்கொண்டுவிட்டது” என்று விற்பவர்கள் ஏராளம். நான் இரண்டாவதாக வாங்கிய இயந்திரம் அப்படிக் கிடைத்ததுதான். பேரம் படியும் வரை சட்டைப்பையிலிருந்த நிக்கலை, அதாவது ஐந்து சென்ட் நாணயத்தை, வெளியே எடுக்காமல் இருந்தேன் என்பதை என் மனைவி இன்றும் சொல்லிக் காட்டுவாள். ஆகவே பார்க்கப் போகும்போது ஐந்தாறு நிக்கல்களை எடுத்துச் செல்லுங்கள். நிக்கலின் விட்டம் அன்றும் இன்றும் 21.21 மில்லிமீட்டர் என்பதால், இன்றைய சில்லறையே 1931இல் அறிமுகமான வார் ஈகிளுக்கும் பொருந்தும். ஒரு நாணயத்தைப் போட்டு மெதுவாக, ஒரே சீராக இழுத்துப் பாருங்கள். அப்போதும் இறங்கவில்லையென்றால் அத்துடன் விட்டுவிடுங்கள். பலம் கொண்டு இழுத்து உள்ளே ஒரு நெம்புகோலை வளைத்துவிட்டால், இல்லாத பழுதை நாமே உண்டாக்கியவர்களாவோம்.

நாணயம் போட்டும் இறங்காமல் போவதற்கும், இறங்கிய பிறகு பாதியில் தொங்கி நிற்பதற்கும் பெரும்பாலும் ஒரே காரணம்தான்: எண்ணெய். இயந்திரம் ஓடிக்கொண்டிருந்த காலத்தில் வாரந்தோறும் வந்து காசை எண்ணிச் சென்றவர்கள் போகிற போக்கில் எண்ணெயையும் ஊற்றிவிட்டுப் போனார்கள். அந்த எண்ணெய் தூசியோடு கலந்து, பல பத்தாண்டுகளில் வார்னிஷ் போலக் கெட்டியாகி, ஒவ்வொரு அச்சையும் கொக்கியையும் பிடித்துக்கொண்டிருக்கிறது. நான் திறந்து பார்த்த இயந்திரங்களில் உடைந்தவற்றைவிட இப்படி ஒட்டிக்கொண்டவையே மிக அதிகம். இதைச் சரிசெய்யத் துருப்பிடித்த கதவுக் கீலுக்கு அடிக்கும் ஸ்பிரேயை வாங்கி உள்ளே பீய்ச்சுவது மிகவும் தவறான வழி. இரண்டு நாள் அருமையாக ஓடும். பிறகு பழைய பிசினைக் கரைத்து இன்னும் ஆழமாக இறக்கிவிட்டு, தானும் உலர்ந்து முன்னைவிட இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும்.

என்ன செய்ய வேண்டும் என்று சொல்வதற்கு முன், கைப்பிடியை இழுத்ததும் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிய வேண்டும். இந்த வரிசையை மனத்தில் பதித்துக்கொண்டவருக்குப் பழுது எங்கே என்று காதாலேயே சொல்ல முடியும். இழுக்கும்போது பெரிய ஸ்பிரிங்குகள் விரிந்து விசையைச் சேர்த்துக்கொள்கின்றன. அதே இழுப்பில் முந்தைய ஆட்டத்தில், பழப் படங்களைச் சுமந்து சுழலும் உருளைகளைப் பிடித்திருந்த நிறுத்தங்கள் விலகுகின்றன. இழுப்பின் முடிவில் உதைப்பான் ஒன்று மூன்று உருளைகளையும் ஒரே நேரத்தில் தட்டிச் சுழற்றிவிடுகிறது. இதன் பிறகு நம் கைக்கு வேலையில்லை. விரிந்த ஸ்பிரிங்குகள் பழைய நிலைக்குத் திரும்ப முயல்கின்றன. அவற்றை ஒரேயடியாகத் திரும்பவிடாமல் தடுத்து நிதானப்படுத்துவது, பல்சக்கரங்களும் நுனியில் சிறு விசிறியும் கொண்ட ஒரு பாகம். அது நேரம் எதையும் காட்டுவதில்லை என்றாலும் சேகரிப்பவர்கள் அதைக் கடிகாரம் என்றே சொல்வார்கள். அந்தக் கிர்ரென்ற ஓசை ஓடிக்கொண்டிருக்கும்போதே முதல் உருளையும், சற்று இடைவெளி விட்டு இரண்டாவதும், பிறகு மூன்றாவதும் ‘டக், டக், டக்’ என்று நிற்கின்றன. பார்ப்பவரின் நெஞ்சைப் பிடித்து நிறுத்தும் அந்த இடைவெளி முழுவதும் அந்தச் சிறு விசிறியின் கைவேலை.

உருளைகள் நின்ற பிறகு நடப்பதுதான் எனக்கு இன்றும் வியப்பைத் தருகிறது. ஒவ்வோர் உருளையின் பக்கத்திலும் துளைகள் இட்ட ஒரு தட்டு இருக்கிறது. உருளைகள் நின்றதும் உலோக விரல்கள் முன்னால் வந்து இந்தத் தட்டுகளைத் தடவுகின்றன. மூன்று தட்டுகளிலும் உரிய துளைகள் ஒரே நேர்க்கோட்டில் அமைந்தால் விரல் உள்ளே போகிறது. இல்லையென்றால் தட்டில் முட்டித் திரும்பிவிடுகிறது. உள்ளே போன விரல், நாணயக் குழாயின் அடியில் அடுக்கப்பட்டிருக்கும் தகடுகளில் எத்தனையை இழுக்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது. ஒவ்வொரு தகட்டின் துளையிலும் குறிப்பிட்ட எண்ணிக்கையில் நாணயங்கள் அடங்கியிருப்பதால், இழுபட்ட தகடுகளின் கணக்குக்கு ஏற்பக் காசு கிண்ணத்தில் விழுகிறது. மின்சாரம் இல்லை, மோட்டார் இல்லை; எண்ணி, ஒப்பிட்டு, கொடுக்க வேண்டியதைக் கொடுக்கும் இத்தனை வேலைக்கும் ஆற்றல் இழுத்தவரின் தோளிலிருந்து வருகிறது.

இப்போது சுத்தம் செய்யும் முறை. பின்கதவைத் திறந்து, உள்ளே இருக்கும் நாணயங்களை எல்லாம் எடுத்துவிட்டு, அடியில் உள்ள தாழை விடுவித்தால் இயந்திர பாகம் முழுவதையும் பின்புறமாக இழுத்து வெளியே எடுத்துவிடலாம். கையை வைப்பதற்கு முன் ஸ்பிரிங்குகள் விசையேறிய நிலையில் இருக்கின்றனவா என்று பாருங்கள். பாதியில் தொங்கி நிற்கும் இயந்திரத்துக்குள் விரலை விட்டால், எதிர்பாராத நொடியில் அது தன் வேலையை முடித்துக்கொள்ளும். என் இடது ஆள்காட்டி விரலில் அதற்கான தழும்பு இருக்கிறது. எல்லாக் கோணங்களிலும் புகைப்படம் எடுத்துக்கொள்ளுங்கள், குறிப்பாக ஒவ்வொரு ஸ்பிரிங்கும் எந்தத் துளையில் மாட்டியிருக்கிறது என்பதை. ஒன்று போலவே தோன்றும் இரண்டு ஸ்பிரிங்குகளின் இழுவிசை வேறாக இருக்கும். மாற்றி மாட்டினால் ஒரு மாதம் தலையைப் பிய்த்துக்கொள்ள நேரும்.

முதல் தடவையிலேயே எல்லாவற்றையும் கழற்றிப் போட வேண்டியதில்லை. உருளைகள் அடங்கிய தொகுதியையும் கடிகாரத்தையும் தனியே எடுத்து வைத்துவிட்டு, மீதிச் சட்டகத்தை மினரல் ஸ்பிரிட் அல்லது மண்ணெண்ணெயில் தூரிகையால் கழுவலாம். காற்றோட்டமான இடத்தில், தீயிலிருந்து விலகி இதைச் செய்யுங்கள். உருளைகளில் ஒட்டியிருப்பது பெரும்பாலும் காகிதப் பட்டை என்பதால் அவற்றின் மேல் ஒரு துளியும் படக் கூடாது. கழுவி உலர்ந்த பிறகு, ஒவ்வொரு நெம்புகோலும் தன் எடையாலோ தன் ஸ்பிரிங்காலோ தானாகத் திரும்புகிறதா என்று விரலால் அசைத்துப் பாருங்கள். திரும்பினால் அதற்கு மேல் அதைத் தொட வேண்டாம். தையல் மெஷினுக்கு விடும் எண்ணெயை ஊசி நுனியால் ஒரு துளி மட்டும், உராயும் அச்சுகளுக்கு வையுங்கள். நாணயம் செல்லும் பாதையிலும், நாணயக் குழாயிலும், கீழுள்ள தகடுகளிலும் எண்ணெய் வேண்டவே வேண்டாம். ஈரமான காசு ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, கொடுக்கல் கணக்கையே குலைத்துவிடும். கடிகாரத்தைப் புதியவர்கள் பிரிக்காமல் இருப்பது நல்லது. முழுதாகக் கரைப்பானில் ஊறவைத்து, விசிறியைக் கையால் மெல்லச் சுழற்றி, அழுக்கு நீங்கும் வரை திரவத்தை மாற்றிக்கொண்டே இருந்தால் பெரும்பாலானவை உயிர்பெற்றுவிடும்.

இந்தக் கடிகாரத்துக்கு ஒரு கிளைக்கதை உண்டு. 1940களின் பிற்பகுதியில் நெவாடா சூதாட்டக் கூடங்களில் சிலர் தொடர்ந்து ஜெயித்துக்கொண்டே இருந்தார்கள். கம்பியோ கள்ள நாணயமோ அவர்களிடம் இல்லை. கடிகாரம் ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ ஒரே கால அளவு ஓடுவதைக் கண்டுபிடித்து, தாளம் தவறாமல் கணக்கான இடைவெளியில் கைப்பிடியை இழுத்து, உருளைகள் எங்கே நிற்கும் என்று முன்கூட்டியே அறிந்து ஆடினார்கள். இதைத் தடுக்கக் கடிகாரத்தின் ஓட்டம் ஒவ்வொரு முறையும் சற்று மாறும்படி செய்யும் கூடுதல் உறுப்பைப் பிறகு பொருத்தினார்கள். உங்கள் கடிகாரத்தில் அப்படி ஏதேனும் ஒட்டுவேலை தெரிந்தால் பிடுங்கி எறிந்துவிட வேண்டாம். அதுபோலவே பக்கவாட்டு மரத்திலோ வார்ப்பிலோ அடைக்கப்பட்ட ஒரு சிறு துளை தென்பட்டால், அது எவனோ துரப்பணத்தால் ஓட்டையிட்டுக் கம்பி விட்டு உருளையை நிறுத்த முயன்ற தடமாக இருக்கலாம். அந்தத் துளையைப் புட்டி வைத்து மறைப்பவர்களும் இருக்கிறார்கள். நான் மறைக்க மாட்டேன்.

இன்னொரு பழுதை மட்டும் சற்று நெருங்கிக் காட்டுகிறேன். மூன்று ஆரஞ்சுகள் வரிசையாக நிற்கும், காசு விழாது. எலுமிச்சையும் பிளமும் கலந்து நிற்கும்போது திடீரென்று பத்துக் காசு கொட்டும். இயந்திரத்துக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது போலத் தோன்றும். இயந்திரம் சரியாகத்தான் இருக்கிறது. யாரோ ஒருவர் பழைய பட்டையை உரித்துவிட்டுப் புதிய பட்டையை ஓர் இடம் தள்ளி ஒட்டியிருக்கிறார், அவ்வளவுதான். உள்ளிருக்கும் விரலுக்குப் பழங்களின் படம் தெரியாது, துளை மட்டுமே தெரியும். உருளையைச் சுற்றி இருபது நிற்குமிடங்கள் இருக்கின்றன. அந்த இருபதிலும் படமும் பக்கத்துத் தட்டின் துளையும் பொருந்துகின்றனவா என்று ஒரு தாளில் எழுதி ஒப்பிட்டுப் பார்த்தால், எத்தனை இடம் தள்ளியிருக்கிறது என்பது அரைமணி நேரத்தில் விளங்கிவிடும். எழுதிய அந்தத் தாளை எறிய வேண்டாம். மூன்று உருளைகளுக்கும் 20×20×20 என்று மொத்தம் 8000 சேர்க்கைகள். ஓர் உருளைக்கு ஒரு ‘பார்’ சின்னம் மட்டும் இருந்தால், மூன்றும் சேர்ந்து நிற்பது 8000க்கு ஒன்று. நிமிடத்துக்கு எட்டு முறை விடாமல் இழுத்தாலும் 8000 இழுப்புக்கு ஏறத்தாழ பதினேழு மணி நேரமாகும். இந்தக் கணக்கைத் தம் கையால் போட்டுப் பார்த்த எவருக்கும் சூதாட்டக் கூடத்தின் பக்கம் போகும் ஆசை குறைந்துவிடும் என்பது என் எண்ணம், என் நண்பர்கள் அதை ஒப்புக்கொள்வதில்லை.

அடுத்து முகப்பின் பெயின்ட். உங்கள் கேள்வியில் என்னை மிகவும் கவலைகொள்ளச் செய்த பகுதி இதுதான். உதிர்ந்திருந்தாலும் மூலப் பெயின்ட் ஒரு முறைதான் இருக்கும். பட்டையை மாற்றலாம், ஸ்பிரிங்கை மாற்றலாம், மரத்துக்குப் பாலிஷ் போடலாம். 1930களில் ஆலையில் பூசிய வண்ணத்தை உரித்துவிட்டால் அது திரும்ப வராது. பளபளவென்று மெருகேற்றப்பட்ட இயந்திரத்தை விரும்புவோரும் இருக்கிறார்கள். வரவேற்பறையில் வைப்பதற்கு அது நன்றாகவே இருக்கும். ஆனால் கைபடாத வண்ணத்தோடு இருக்கும் இயந்திரத்துக்கு விவரமறிந்த சேகரிப்பாளர் கூடுதலாகக் கொடுப்பார். உங்கள் முகப்பில் இருப்பது மூலப் பெயின்டா, இடையில் யாரோ பூசியதா என்பதை முதலில் கண்டறியுங்கள். திருகாணித் தலைகளின் அடியிலும், உட்புற ஓரங்களிலும் வேறு நிறம் தெரிந்தால் மேலே இருப்பது பிற்காலப் பூச்சு. மூலம் என்றால் மென்மையான சோப்பு நீரில் நனைத்த துணியால் அழுக்கை எடுத்து, மெழுகு பூசி நிறுத்திக்கொள்ளுங்கள். பிற்காலப் பூச்சுதான் என்று உறுதியாகி, உரித்தே தீர வேண்டுமென்றால், உப்புத்தாளால் உலர்வாகத் தேய்க்காதீர்கள். அக்காலப் பெயின்டில் ஈயம் இருக்கக்கூடும். வீட்டில் குழந்தைகள் இருந்தால் அந்தத் தூசி விளையாட்டல்ல.

வார் ஈகிள் என்பதால் போலியைப் பற்றியும் சொல்ல வேண்டும். பலரும் விரும்பும் கழுகு முகப்பு இது என்பதால் பிற்காலத்தில் புதிதாக வார்த்து, சாதாரண மில்ஸ் இயந்திரத்துக்கு மாட்டி விற்றிருக்கிறார்கள். புது வார்ப்பின் பின்புறம் சொரசொரப்பாகவும், கழுகின் இறகுக் கோடுகள் மழுங்கியும் இருக்கும். பழைய வார்ப்பில் கைப்பிடியின் பக்கமும் நாணயம் போடும் வாயும் ஆயிரக்கணக்கான கைகள் பட்டுத் தேய்ந்திருக்கும். தேய்மானம் பட வேண்டிய இடத்தில் பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பல மில்ஸ் இயந்திரங்களில் வரிசை எண்ணை மரப்பெட்டியிலும் இயந்திரப் பாகத்திலும் பொறித்திருப்பார்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் மகிழ்ச்சி. வேறாக இருந்தால் உடனே போலி என்று முடிவு கட்டிவிட வேண்டாம். இயந்திரங்களை வாடகைக்கு விட்டவர்கள் ஒன்றின் உள்ளுறுப்பை இன்னொன்றில் மாட்டுவதும், பழைய பெட்டிக்குப் புதிய முகப்பு வாங்கிப் பொருத்துவதும் அன்றாட வழக்கம். ஆனால் விலை பேசும்போது அந்த வேறுபாட்டைப் பேசலாம்.

இவ்வளவு கலந்துகட்டிக் கிடைப்பதற்கும், முழுமையானவை அரிதாகிவிட்டதற்கும் காரணம் இந்த இயந்திரங்களின் வாழ்க்கை. பவேரியாவிலிருந்து குடியேறிய சார்லஸ் ஃபே என்பவர் 1890களில் சான் பிரான்சிஸ்கோவில் மூன்று உருளைகள் கொண்ட ‘லிபர்ட்டி பெல்’ இயந்திரத்தை உருவாக்கினார். அதை விற்காமல் மதுக்கடைகளில் வைத்து, வருமானத்தில் பாதியை எடுத்துக்கொண்டார். 1906ஆம் ஆண்டின் நிலநடுக்கமும் தீயும் அவருடைய பட்டறையை அழித்தன. அதையொட்டிய ஆண்டுகளில் சிகாகோவின் மில்ஸ் நிறுவனம் அதே அமைப்பில் பேரளவில் செய்யத் தொடங்கியது. சூதாட்டத் தடைக்குத் தப்ப, இது காசுக்குச் சூயிங்கம் தரும் பெட்டி என்று வேடமிட்டபோதுதான் சீட்டுக்கட்டுச் சின்னங்களின் இடத்தில் செர்ரியும் ஆரஞ்சும் பிளமும் வந்து சேர்ந்தன. ‘பார்’ என்ற சின்னம் கம் நிறுவனத்தின் முத்திரையிலிருந்து வந்தது. அந்த வேடம் எப்போதும் பலிக்கவில்லை. 1934இல் நியூயார்க் மேயர் லா கார்டியா சம்மட்டியோடு நின்று இயந்திரங்களை உடைத்து, கடலில் கொட்டச் செய்தார். 1951இல் வந்த ஜான்சன் சட்டம், அனுமதியில்லாத மாநிலங்களுக்கு இவற்றைக் கொண்டுசெல்வதைத் தடுத்தது. ஒளித்து வைத்தவை, பாகங்களுக்காகப் பிரித்தவை, நிலவறையில் மறந்து போனவை ஆகியவையே இன்று நம் கைக்கு வருகின்றன. ஃபே பட்டறை வைத்திருந்ததைக் குறிக்கும் பட்டயம் சான் பிரான்சிஸ்கோ மார்க்கெட் தெருவில் 406ஆம் எண் அருகே, கலிஃபோர்னிய வரலாற்றுச் சின்னம் 937 என்ற எண்ணோடு இருக்கிறது. உங்களுக்கு ரயிலில் போய்ப் பார்த்துவிடும் தூரம்தான்.

சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. கலிஃபோர்னியாவில் 25 ஆண்டுகளுக்கு மேற்பட்ட ஸ்லாட் இயந்திரத்தைச் சேகரிப்புப் பொருளாக வைத்திருக்கலாம், சூதாட்டத்துக்குப் பயன்படுத்தக் கூடாது. ஹவாய் போன்ற சில மாநிலங்களில் வைத்திருப்பதே குற்றம். நாளை வேலை மாறிப் போக நேர்ந்தால் இதை நினைவில் கொள்ளுங்கள். விருந்துக்கு வருபவர்கள் தம் காசைப் போட்டு ஜெயித்ததை எடுத்துப் போகும்படி விடாதீர்கள். இயந்திரத்தின் பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் நிக்கல்களை வைத்துவிடுங்கள். அதிலிருந்து எடுத்து ஆடட்டும், விழுந்ததை அதிலேயே போடட்டும்.

விலையைப் பொறுத்தவரை, முகப்பு பழைய வார்ப்பாக இருந்து, உள்ளே கடிகாரம், மூன்று உருளைகள், நாணயக் குழாய், அடித் தகடுகள் எல்லாம் இருக்குமானால் 900 டாலர் நியாயமானது. நான் தயங்காமல் கொடுப்பேன். பின்கதவுச் சாவி இல்லை என்பார்கள். பூட்டுத் தொழிலாளியை அழைத்து வர அனுமதி கேளுங்கள்; உள்ளே பார்க்காமல் வாங்க வேண்டாம், ஏனெனில் வெறும் பெட்டியாகவும் இருக்கலாம். பூட்டைத் துளையிட்டு உடைக்க அவர்கள் முன்வந்தால் வேண்டாம் என்று தடுத்துவிடுங்கள். வாங்கிய பின் அப்படியே தூக்கிக் காரில் வைக்காதீர்கள். நாற்பது கிலோ அளவுக்குக் கனக்கும், மேல்பாரமும் அதிகம். நாணயங்களை எடுத்துவிட்டு, இயந்திரப் பாகத்தை வெளியே இழுத்து அதை ஒரு பெட்டியில் போர்வை சுற்றி வைத்து, மரப்பெட்டியைத் தனியே நிமிர்ந்த நிலையில் கட்டி எடுத்துச் செல்லுங்கள். கைப்பிடியைப் பிடித்து மட்டும் தூக்க வேண்டாம்.